பளிங்குத் தூண்கள் பன்னிரண்டு

அரங்கத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களிடம் மேலாளர் அக்கா சொல்வதெல்லாம் உண்மை, ஒன்றே ஒன்றைத் தவிர.

சோப்பு வியாபாரி ஒருவர் கட்டினார் என்பது உண்மை. ஊரிலேயே பெரிய கடைத்தெருவில், இரண்டு துணிக்கடைகளுக்கு நடுவே முழங்கையால் இடித்து இடம் பிடித்த மாதிரி அதைக் கட்டினார். நாடகம் என்றால் அவருக்கு உயிர் என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய போட்டிக்காரர் ஒரு ஹோட்டல் கட்டியிருந்தார். அதைவிட உயரமாக எதையாவது கட்டிக் காட்ட வேண்டும் என்கிற வீம்பு, அவ்வளவுதான். திறப்பு விழா நாடகத்தில் ஒரு கடல் காட்சி. நாடகக்காரர்கள் படுதா என்று சொல்லும் பின்திரை முழுக்க அலை. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த வியாபாரியின் மனைவி, புதுச் செருப்பு நனைந்துவிடும் என்று காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டாளாம். இந்த இடத்தில் கூட்டம் சிரிக்கும். அக்காவும் முதல் தடவை கேட்பவள் போலக் கூடவே சிரிப்பாள்.

பிறகு சினிமா வந்தது, வெள்ளைத்திரை கட்டினார்கள். போர்க் காலத்தில் ராணுவம் வந்து கோதுமை மூட்டைகளை அடுக்கியது. எலிகள் பால்கனியில் குடும்பம் நடத்தின. அதற்குப் பிறகு மல்யுத்தம், மந்திர வித்தை, கட்சி மாநாடு, திரும்பவும் நாடகம். புதிதாக வந்த ஒவ்வொரு முதலாளியும் சுவருக்குத் தன் இஷ்டத்துக்கு ஒரு நிறம் அடித்தான். கட்டடம் மட்டும், யார் வந்தாலும் எழுந்து நிற்கிற வீட்டு மருமகள் மாதிரி, பேசாமல் நின்றது.

இதெல்லாம் உண்மை. பொய் எது என்றால், பார்வையாளர் கூடத்தைச் சுற்றி நிற்கும் அந்தப் பன்னிரண்டு தூண்கள். "பன்னிரண்டும் பளிங்கு, கப்பலில் வந்தது" என்று அக்கா சொல்வாள். வாசலுக்குப் பக்கத்துத் தூணைக் காட்டி, "தொட்டுப் பாருங்கள்" என்பாள். தொட்டால் ஜில்லென்று இருக்கும். ஏன் இருக்காது? அது நிஜப் பளிங்கு. எட்டுத் தூண்கள் நிஜம். மீதி நாலு வேஷம்.

அக்கா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், யாரோ ஒரு புண்ணியவான் அணைக்காமல் போட்ட சிகரெட்டால் கூடத்தில் தீப் பிடித்தது. இருக்கைகள் எரிந்தன. சூட்டில் நாலு தூண்கள் பாளம் பாளமாக வெடித்தன. அப்போதிருந்த முதலாளி, தீ என்று வெளியே தெரிந்தால் ஒரு ஜனமும் உள்ளே வராது என்று பயந்து, 'மராமத்துக்காக விடுமுறை' என்று வாசலில் எழுதிப் போட்டார். புதுப் பளிங்கு கப்பலில் வந்து சேரும்வரை காத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை. மேடைக்குப் பின்னால் அரண்மனையும் காடும் செய்து தள்ளிக்கொண்டிருந்த ஆட்களைக் கூப்பிட்டார். காகிதத்தில் கோட்டை கட்டத் தெரிந்தவர்களுக்கு நாலு தூண் எம்மாத்திரம்? மரச்சட்டம் அடித்து, அதன் மேல் கித்தான் துணியைச் சுற்றித் தைத்து, சுண்ணம் பூசி, பளிங்கு மாதிரி வண்ணம் தீட்டி நிறுத்திவிட்டார்கள். யாராவது தட்டிப் பார்த்தால்? ஆள் உயரத்துக்கு உள்ளே மணலைக் கொட்டி நிரப்பினார்கள். தட்டினால் கல் மாதிரியே கேட்கும். அதற்கு மேலே வெறும் கூடு.

அந்த வேலைக்குத் தலைவர் அக்காவின் அப்பா. அங்கே அவர்தான் படுதா எழுதுகிறவர்.

மேடைக்குப் பின்னால் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வித்தை எப்படி நடந்தது என்று முன்பக்கத்து மனிதர்களிடம் மூச்சு விடக்கூடாது. மழை எப்படிப் பெய்தது, அரக்கன் எப்படிப் பறந்தான், எதுவும் வெளியே போகாது. பெற்ற பிள்ளை கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். தூண்களும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டன. வருஷா வருஷம் வண்ணத்தைப் புதுப்பிக்கும்போது அப்பா வேண்டுமென்றே பன்னிரண்டுக்கும் தூரிகை பிடிப்பார். அக்காவும் தம்பியும் பறவை இறகைச் சாம்பல் வண்ணத்தில் தோய்த்து, பளிங்கில் ஓடும் வரிகள் மாதிரி நரம்பு இழுப்பார்கள். கை நடுங்குகிற மாதிரி இழுக்க வேண்டும். நிஜமாகவே நடுங்கினால் வராது. எது கல், எது கித்தான் என்று பிள்ளைகளுக்கே தெரியாது. அக்கா மேலாளர் ஆன அன்றுதான் அப்பா அவளைக் கூட்டிப்போய் நாலையும் காட்டினார். யாரும் அவற்றின் மேல் சாயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதனால். சீக்கிரமே அவரும் போய்ச் சேர்ந்தார். அவரோடு வேலை செய்தவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியில் அந்த நாலு தூண்களும் அக்கா ஒருத்தியின் நெஞ்சில் நின்றன.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "கட்டடத்துக்குத்தான் வாக்கப்பட்டிருக்கா" என்று உறவுக்காரர்கள் கேலி செய்வார்கள். அவளும் மறுத்ததில்லை.

இப்படி இருக்கும்போது ஒரு பெரிய நிறுவனம் அரங்கத்தை வாங்கியது. முகப்பை மட்டும் அழகுக்கு வைத்துக்கொண்டு, உள்ளே முழுக்க இடித்து அடுக்குமாடிக் கடைகள் கட்டுவதாகத் திட்டம். தடுக்க ஒரே ஒரு வழி இருந்தது. பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் குழு நேரில் வந்து பார்த்து, கூடமும் பாதுகாக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டால், எந்தக் கொம்பனாலும் ஒரு ஆணியைக்கூடப் பிடுங்க முடியாது. அக்கா குழுவுக்கு விண்ணப்பம் எழுதினாள். கூடத்தின் சிறப்பு என்ன என்று கேட்டிருந்த இடத்தில், சுற்றிக் காட்டும்போது சொல்வதையே எழுதினாள்: பன்னிரண்டு பளிங்குத் தூண்கள்.

விளக்குக்காரர் அதை எட்டிப் பார்த்தார். அவருக்கு மின்னல் என்று பட்டப்பெயர். ஒரு பல்பு மாற்ற அரை நாள் எடுத்துக்கொள்வார், அந்த மரியாதைக்கு வைத்த பெயர். தூண் ரகசியம் பாதிதான் தெரியும் அவருக்கு. ஏதோ வேஷம் இருக்கிறது என்று மோப்பம் பிடித்தவர்.

"அக்கா, உள்ளத உள்ளபடி எழுதிடலாமே?"

"நீங்க மேடையில இடி இடிக்கிறதுக்கு முன்னாடி மைக்ல போய், 'இது தகரம்'னு சொல்லுவீங்களா?"

"அது நாடகம்க்கா. இது விண்ணப்பம்."

"ரெண்டும் ஒண்ணுதான். போய் பல்ப மாத்துங்க."

முப்பது வருஷப் பழக்கம் அவள் கையைப் பிடித்து எழுத வைத்தது. கூடத்தைக் காப்பாற்ற வேண்டும், வித்தையையும் காப்பாற்ற வேண்டும். இரண்டும் வேறு வேறு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஆனால் ஒரு தலைவலி. மழைக்கு ஒழுகியதில், நாலு தூண்களின் மேற்பகுதியிலும் சுண்ணம் விரிசல் விட்டிருந்தது. குழு வருவதற்குள் பூசி மறைக்க வேண்டும். வெளியாள் யாரையும் ஏற்ற முடியாது. அவளுக்கோ முழங்கால் வலி, ஏணி என்றாலே அலறியது. யாரைக் கூப்பிடுவது என்று அவள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தபோதுதான், கூப்பிடாமலே வந்து நின்றான் சின்னவன்.

சின்னவன் என்றால் அவளுடைய தம்பி. தலை நரைத்த பிறகும் வீட்டில் அதுதான் பெயர். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அக்காதான். படிக்க வைத்ததும் அவள்தான். கட்டடங்களுக்கு உள் அலங்காரம் செய்கிற வேலை அவனுக்கு. வேறு ஊரில் இருந்தான். எப்போதாவது ஒரு போன், அதுவும் பாதியில் இன்னொரு போன் வந்துவிடும். அப்படிப்பட்டவன் ஒரு பையோடு வந்து வாசலில் நின்று, "அக்கா, பசிக்குது" என்றான். அவ்வளவுதான், அவள் குளிர்ந்துபோனாள்.

சாப்பிடும்போதே அவன் கேட்டான்.

"குழு வருதாமே? மேல பூச்சு வேல எதுவும் இல்லையா?"

"இருக்குடா. யார நம்பி ஏத்தறதுன்னுதான் தெரியல."

"நான் எதுக்கு இருக்கேன்? அப்பா கையில குட்டு வாங்கிக் கத்துக்கிட்ட வேல. மறந்தா போகும்?" கையைக் கழுவிக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாக, "எது எதுன்னு நீ காட்டு, போதும்" என்றான்.

அவளுக்குக் கண் கலங்கியது. இத்தனை வருஷமும் தனியாகச் சுமந்ததை இன்னொரு ஆள் வந்து ஒரு கை பிடிக்கிறான். அதுவும் கூடப் பிறந்தவன். சந்தேகமா? அந்த வார்த்தையே அவள் பக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அரங்கத்துக்கு விடுமுறை. அவர்கள் இரண்டு பேர் மட்டும் போனார்கள். மூன்றாவது, ஐந்தாவது, எட்டாவது, பதினொன்றாவது. அவள் ஒவ்வொன்றாகக் காட்டினாள். சொல்லும்போது நாக்கு கொஞ்சம் தடுக்கியது. அப்பாவுக்குப் பிறகு அந்த எண்களை வாய்விட்டுச் சொல்வது அதுதான் முதல் தடவை. சின்னவன் நீள ஏணியைச் சாத்தி ஏறினான். கீழே இருந்து அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"இறகு எங்கடா?"

"காதுல சொருகியிருக்கேன் பாரு."

"அப்பா மாதிரியே!"

"அப்பா மாதிரி திட்ட மட்டும் ஆரம்பிச்சுடாத."

நாள் முழுக்கச் சிரிப்புதான். விரிசலை அடைத்தான், வண்ணம் குழைத்தான், நரம்பு இழுத்தான். நல்ல கை, பழசு மாறவில்லை. ஐந்தாவது தூணில் வேலை முடிந்த பிறகும் அவன் இறங்கவில்லை. உள்ளங்கையைத் தூணின் மேல் பரப்பி வைத்தான். விரலால் மெல்லத் தட்டினான், கொஞ்சம் இறங்கி இன்னொரு தட்டு. பிறகு காதை ஒட்டவைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். அப்பாவை நினைத்துக்கொள்கிறான், பாவம், அழட்டும் என்று அவள் வேறு பக்கம் பார்த்தாள். ஏணியை மட்டும் இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

அன்று இரவு அவன் ஊருக்குக் கிளம்பிவிட்டான். பல வருஷத்துக்குப் பிறகு அவள் நன்றாகத் தூங்கினாள்.

குழு வந்த அன்று கூடத்தில் எல்லா விளக்குகளையும் போடச் சொன்னாள். மின்னலே அன்றைக்கு மின்னல் மாதிரி ஓடினார். குழுத் தலைவி வெள்ளை முடியை இழுத்துக் கட்டிய பெரிய மனுஷி; லேசில் சிரிக்கிற ரகம் இல்லை. ஆனால் கூடத்துக்குள் காலை வைத்ததும் அந்த அம்மாவே அண்ணாந்து பார்த்து, "அடேயப்பா" என்றார். அக்கா சோப்பு வியாபாரி கதையைச் சொன்னாள். செருப்புக் கதைக்கு அந்த அம்மா சிரித்தே விட்டார். ஜெயித்தோம் என்று அக்காவின் மனசு துள்ளியது.

அப்போதுதான் நிறுவனத்து ஆட்கள் வந்தார்கள். முன்னால் ஒரு கோட்டுக்காரர். அவருக்குப் பின்னால் சின்னவன்.

இந்த இடத்தில் அவளுக்கு என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம். நமக்குத் துணையாக நிற்க ஊரிலிருந்து ஓடி வந்திருக்கிறான் தம்பி என்று நினைத்தாள். கையைத் தூக்கி ஆட்டக்கூட ஆட்டினாள். அவன் பார்த்தான். பார்த்துவிட்டுக் கோட்டுக்காரரின் பக்கத்தில் போய் நின்றான்.

"எங்க வடிவமைப்பு ஆலோசகர்" என்று கோட்டுக்காரர் அவனை அறிமுகம் செய்தார். "இந்தக் கூடத்தப் பத்தி உங்களுக்கு ஒரு விஷயம் காட்டணுமாம்."

மேல் ஜன்னல்களைத் திறக்கிற நீளக் கம்பு சுவரில் சாய்ந்திருந்தது. அது எங்கே இருக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எடுத்தான். முதலில் நாலாவது தூணின் மேற்பகுதியில் தட்டினான். நறுக்கென்று கல் சத்தம். பிறகு ஐந்தாவதில், ஞாயிற்றுக்கிழமை காதை வைத்த அதே இடத்தில் தட்டினான். டொம் என்று அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்து கூடம் முழுக்கச் சுற்றியது. நல்ல கூடம் அது. எந்தச் சத்தத்தையும் கடைசி வரிசைவரை கொண்டுபோய்ச் சேர்க்கும்.

அவள் தம்பியின் முகத்தையே பார்த்தாள். அவன் கம்பின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பளிங்குன்னு எழுதியிருக்கீங்களே?" என்றார் தலைவி. குரலில் சிரிப்பு போயிருந்தது.

"எட்டு பளிங்குதாம்மா. நாலு மட்டும்... தீ விபத்துக்கு அப்புறம் எங்க ஆளுங்க செஞ்சது. எங்க அப்பா செஞ்சது."

"தீ விபத்தா? அதையும் நீங்க எழுதல."

"வெளிய சொல்ற வழக்கம் இல்லம்மா."

"அப்போ நீங்க சொன்ன மத்ததுல எத நான் நம்பறது?"

கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் அந்த அம்மா உடனே திரும்பிப் போய்விடவில்லை. ஐந்தாவது தூணிடம் போய் நின்று மேலும் கீழும் பார்த்தார். வண்ணத்தின் மேல் விரலை ஓட்டினார். "அற்புதமான வேலை. இது கல்லு இல்லன்னு சத்தியம் பண்ணாலும் நம்ப முடியல" என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு சின்னவனைத் திரும்பிப் பார்த்தார்.

"உள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லம்மா. கீழ மணல். மேல வெறும் காத்து."

"வேற எதுவும் இல்லையே?"

"இல்ல."

அத்தோடு முடிந்தது. முகப்பு மட்டும் பாதுகாக்கப்படும், கூடத்துக்குத் தடை இல்லை என்று சில நாட்களில் முடிவு வந்தது.

குழு வந்துபோன அன்றைக்கே வாசலில் அவள் தம்பியைப் பிடித்துக்கொண்டாள். கடைத்தெருக் கூட்டம் இருபுறமும் இடித்துக்கொண்டு போனது.

"எவ்வளவு நாளாடா அவங்களோட இருக்க?"

"ஒரு வருஷமா."

"ஞாயித்துக்கிழமையும்?"

அவன் பார்வையைத் தெருப் பக்கம் திருப்பினான்.

"என் வீட்டுல உக்காந்து ரெண்டு தடவ சோறு கேட்டு வாங்கித் தின்னியே. அப்பவுமா?"

"அக்கா, கொஞ்சம் யோசிச்சுப் பாரு. எப்படியும் அவங்க வேற ஒரு வழியில இடிக்கத்தான் போறாங்க. இதுல நானும் இருந்தா நம்ம குடும்பத்துக்குன்னு ஒரு பேராவது நிக்கும். இத்தன வருஷம் கப்பல்ல வந்துச்சு, கப்பல்ல வந்துச்சுன்னு ஊருக்கெல்லாம் சொன்னியே, ஒரு நாளாவது எங்க அப்பா செஞ்சதுன்னு சொன்னியா?"

"அது அப்பாவே போட்ட கட்டுடா!"

"அப்பா போயாச்சு." சட்டென்று குரலைத் தணித்துக்கொண்டான். "புதுக் கட்டடத்துல உனக்கும் ஒரு இடம் கேட்டிருக்கேன்."

அவள் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அவனை அடிக்கவில்லை. இடுப்பில் வைத்துத் தூக்கி வளர்த்த பிள்ளையை நடுத்தெருவில் எப்படி அடிப்பது? நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டான் என்று ஊரெல்லாம் கத்த வேண்டும் போல இருந்தது. யாரிடம் கத்துவது? அந்த எண்களை அவனுக்குச் சொன்ன வாய் இதே வாய்தான். வீட்டுக்கு வந்து, அவன் சாப்பிட்ட தட்டை, ஏற்கெனவே தேய்த்ததையே, மறுபடி தேய்த்துக்கொண்டு அழுதாள்.

இடிப்பதைப் பார்க்க அவள் போகவில்லை. கூட்டங்கள் நடக்கிற வேறொரு மண்டபத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். நாற்காலி அடுக்குவது, மைக் சரிபார்ப்பது. அங்கே தூணே கிடையாது. அது ஒரு வகையில் நிம்மதி. அவன் சொன்னதில் ஒரு சொல் மட்டும் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. அப்பா பெயரை நான் சொல்லவில்லையோ? சில நாள் அவன் செய்ததைக் கூட அந்த ஒரு சொல்லுக்காக மன்னித்துவிடலாம் என்று தோன்றும். என்ன இருந்தாலும் அவனுக்கும் அப்பாதானே, கோபத்தில் செய்துவிட்டான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வாள். அந்தச் சமாதானத்தைப் பிடித்துக்கொண்டுதான் நாளை ஓட்டினாள்.

புதுக் கட்டடம் திறக்கிறார்கள் என்று அழைப்பு வந்தது. போக மாட்டேன் என்றாள். மின்னல் விடவில்லை.

"உங்க அப்பா பேர கல்லுல வெட்டியிருக்காங்களாம்க்கா. அதையாவது வந்து பாருங்க."

அதற்காகப் போனாள்.

வாசல் முகப்பு அதேதான். உள்ளே நுழைந்தால், கூடம் இருந்த இடத்தில் நகரும் படிக்கட்டுகள், கண்ணாடி, வாசனைத் திரவியக் கடை. நடுவில் பெரிய சுவரை ஒரு துணி மூடியிருந்தது. முன்வரிசையில் அந்தக் குழுத் தலைவியும் விருந்தாளியாக உட்கார்ந்திருந்தார். கோட்டுக்காரர் கயிற்றை இழுத்தார். துணி சரிந்து விழுந்தது. ஒரு மூலை மட்டும் மேலே ஆணியில் மாட்டிக்கொண்டு தொங்கியது.

கடல்.

கண்ணாடிக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கடல். நாலு துண்டுகளாக வெட்டி, திரும்பச் சேர்த்துத் தைத்த கித்தான். தையல் தழும்புகள் தெரிந்தன. ஆனால் அலை அலையாகவே இருந்தது. முன்வரிசையில் ஒரு பெண்மணி தன்னையறியாமல் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டதை அக்கா பார்த்தாள். அவள் இத்தனை வருஷம் சிரித்துச் சிரித்துச் சொன்ன அதே திறப்பு விழாப் படுதா. எரிந்தோ தொலைந்தோ போயிருக்கும் என்று எல்லாரும் நினைத்த படுதா.

சின்னவன் மைக்கைப் பிடித்தான். நன்றாகப் பேசினான், அதைச் சொல்லத்தான் வேண்டும். குரலில் அவள் சாயல்.

"புதுக் கித்தான் வாங்க நேரம் இல்லாததால, எங்க அப்பா இந்தப் பழைய படுதாவத்தான் வெட்டித் தூணச் சுத்தினார். சுண்ணம் ஒட்டணுமே, அதனால படம் உள்பக்கம் போயிடுச்சு. பட்டறையில தூணப் படுக்கப் போட்டுத் தைக்கும்போது, உள்ள இருந்து ஊசிய வாங்கித் திருப்பிக் குடுக்க ஒரு சின்ன ஆள் வேணும். நான்தான் அந்த ஆள். அஞ்சு வயசு. விளக்கப் பிடிச்சுக்கிட்டு உள்ள படுத்திருந்தேன். சுத்தி எல்லாப் பக்கமும் கடல். அத நான் மறக்கவே இல்ல. ஒருத்தர்கிட்டயும் சொன்னதும் இல்ல. இன்னிக்கு உங்க எல்லாருக்கும் காட்டறேன்."

கைதட்டல் அடங்க நேரமானது. குழுத் தலைவி கைதட்டவில்லை. மெல்ல எழுந்து அக்காவின் பக்கம் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"உள்ள என்ன இருக்குன்னு நான் கேட்டேனே" என்றார். "உங்களுக்கும் கேட்டுச்சு இல்ல?"

"கேட்டுச்சும்மா."

"இது ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சிருந்தா, ஒரு கல்லத் தொட விட்டிருக்க மாட்டோம். கூடம் முழுசா நின்னிருக்கும்." அக்காவின் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு வெளியே போய்விட்டார்.

அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். இத்தனை நாள் பிடித்துக்கொண்டிருந்த சமாதானம் கையை விட்டுப் போயிற்று. கோபத்தில் செய்யவில்லை அவன். அப்பாவுக்காகவும் செய்யவில்லை. கூடத்தைக் காப்பாற்றக்கூடிய ஒரே வார்த்தை அவன் வாய்க்குள் இருந்தது; வேறு எதுவும் இல்லையே என்று அந்த அம்மா இன்னொரு தடவை கேட்டும், அவன் அதை விழுங்கிக்கொண்டான். இந்தச் சுவருக்காக.

சின்னவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் வந்தான். முகம் மலர்ந்திருந்தது, உண்மையாகவே மலர்ந்திருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

"பாத்தியாக்கா? கீழ பாரு, அப்பா பேரு."

அவள் பெயரைப் பார்க்கவில்லை.

"அன்னிக்கு ஏணி மேல நின்னு, தூணுல காத வச்சிருந்தியே," என்றாள். "அப்பாவ நெனச்சு அழறேன்னு நெனச்சேன்."

"இல்லக்கா." ஒளிக்க எதுவும் இல்லாதவன் போல, வேலைக்காரன் வேலையைச் சொல்கிற குரலில் சொன்னான். "மணல் எது வரைக்கும் ஏறியிருக்குன்னு தட்டிப் பாத்தேன். மணல் ஈரத்துல படம் நனைஞ்சிருந்தா பிரயோஜனம் இல்லையே."

போட்டோக்காரர் குரல் கொடுத்தார். மேல் மூலையில் தொங்குகிற துணி படத்தை மறைக்கிறது, யாராவது எடுத்துவிட வேண்டும். ஓரமாக ஒரு ஏணி இருந்தது. கட்டட ஆட்கள் வருவதற்குள் சின்னவனே அதைத் தூக்கி வந்து சுவரில் சாத்தினான். அந்த வழவழத் தரையில் அது லேசாக வழுக்கியது. பாதிப் படி ஏறியவன், பழக்கம் பாருங்கள், திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான்.

"அக்கா, ஏணியப் பிடி."

அவள் கைகள் தாமாகவே முன்னால் நீண்டன. நீண்ட கைகளைப் பார்த்தாள். பிறகு அவற்றை மடக்கிக்கொண்டு, முகப்பு வாசல் வழியாகத் தெருவில் இறங்கினாள்.

"அக்கா?" என்று அவன் மேலிருந்து கூப்பிடுவது கேட்டது. "அக்கா, பிடிச்சிருக்கியா?"